என் மகளுக்கு நான் கொடுத்த கஞ்சி

என் மகளுக்கு 10 மாதம் ஆனபோது அவள் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.8 கிராம்தான் இருந்தது. அந்த வயதில் 10.5 கிராமுக்குக் கீழே போனாலே இரத்தசோகை. பரம்பரை நோய் எதுவும் எங்கள் குடும்பத்தில் இல்லை. வறுமையும் இல்லை. அவளுக்கு என்ன ஊட்டுவது என்று முடிவு செய்தவள் நான். வேறு யாரையும் அதில் தலையிட நான் விடவில்லை.

இன்னொரு குழந்தையும் என்னால் துன்பப்பட்டது. இதில் சொல்லக் கடினமானது அதுதான். அதனாலேயே முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் வேலை செய்த அக்காவின் கைக்குழந்தை அது. என் பேச்சைக் கேட்டதால் அந்தக் குழந்தை மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது.

நான் தருமபுரி மாவட்டத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. இரத்தம், சிவப்பணு, இரும்புச்சத்து எல்லாம் கரும்பலகையில் வருடாவருடம் எழுதிப் போட்டவள். தமிழக அரசு 2021 முதல் தரும் 12 மாத மகப்பேறு விடுப்பில் இருந்தேன். நேரம் இல்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. தெரியாது என்று சொல்லவும் வழியில்லை.

2024ஆம் ஆண்டு கோடையில் மகளுக்கு ஆறு மாதம் முடிந்தது. அதற்கு முன்பே அவளுடைய முதல் உணவைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். படித்ததில் எனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்த ஏப்ரலில்தான் ஸ்விட்சர்லாந்தின் பப்ளிக் ஐ என்ற அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. இந்தியாவில் விற்கும் குழந்தை உணவு ஒன்றில் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 3 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருக்கிறது என்று அது சொன்னது. அதே உணவு ஐரோப்பாவில் சர்க்கரை இல்லாமல் விற்கப்படுகிறது என்றும் சொன்னது. கோபப்பட வேண்டிய செய்திதான். இரண்டு வயதுவரை குழந்தைக்குச் சர்க்கரை சேர்த்த உணவு வேண்டாம் என்பதே மருத்துவர்களின் அறிவுரை.

அந்த உண்மையை நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்பதில்தான் என் குற்றம் தொடங்குகிறது. கடையில் டப்பாவைத் திருப்பிப் பார்ப்பேன். சர்க்கரை என்ற சொல்லைக் கண்டதும் வைத்துவிடுவேன். சர்க்கரை சேர்க்காத டப்பாவும் பக்கத்தில் இருந்தது. அதையும் எடுக்கவில்லை. இரும்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு என்று அதே டப்பாவில் அச்சிட்டிருந்த பட்டியலை ஒருநாளும் படிக்கவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு குழந்தைக்கு முதலில் குறைவது இரும்புதான். நிறைமாதத்தில் பிறந்த குழந்தை தாயின் வயிற்றிலேயே இரும்பைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. அந்தச் சேமிப்பு ஏறத்தாழ ஆறு மாதம் தாங்கும். தாய்ப்பாலில் உள்ள இரும்பு நன்றாகச் செரித்து உடலில் சேரும். ஆனால் அதன் அளவு மிகக் குறைவு. ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலோடு உணவும் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு வேண்டிய இரும்பு கிடைக்கும். எந்த உணவைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதில் இரும்பு இருக்கிறதா என்பது. நான் கேட்ட கேள்வி வேறு. இதைக் கொடுத்தால் நான் எப்படிப்பட்ட தாய் என்று மற்றவர்கள் நினைப்பார்கள் என்பதே என் கேள்வி.

பாக்கெட் உணவு எங்கள் வீட்டுக்குள் வராது என்று தீர்மானித்தேன். தீர்மானித்ததை எல்லோரிடமும் சொன்னேன். சொல்லிவிட்ட பிறகு பின்வாங்க மனம் வரவில்லை.

எங்கள் ஊர் கேழ்வரகு விளையும் பூமி. கேழ்வரகை இரவு ஊறவைத்தேன். வெள்ளைத் துணியில் முடிந்து தொங்கவிட்டேன். முளை வந்ததும் நிழலில் உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து, மில்லில் அரைத்து வந்தேன். அரைத்ததை வேட்டித் துணியில் சலித்தேன். ஒவ்வொரு படியையும் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். பாராட்டு வந்தது. அந்தப் பாராட்டு எனக்குத் தேவைப்பட்டது. பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே இருந்தேன். பள்ளியில் இருந்த மதிப்பு கைவிட்டுப் போனதுபோல் இருந்தது. அந்த மதிப்பைக் கஞ்சிக் கிண்ணத்தில் தேடினேன். இதைக் காரணமாகச் சொல்கிறேன். மன்னிக்கத்தக்க காரணம் என்று சொல்லவில்லை.

கேழ்வரகின்மேல் எந்தக் குறையும் இல்லை. 100 கிராமில் 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள தானியம் அது. குறை நான் காய்ச்சிய விதத்தில் இருந்தது. ஒரு மேசைக்கரண்டி மாவு, ஒரு டம்ளர் தண்ணீர். சங்கில் ஊற்றினால் தடையில்லாமல் இறங்க வேண்டும் என்று நினைத்தேன். ஆமாம், கரண்டியில் ஊட்ட வேண்டிய வயதில் சங்கில் ஊற்றினேன். சீக்கிரம் முடிந்துவிடும் என்பதற்காக. குழந்தை மென்று, துப்பி, சட்டையெல்லாம் பூசிக்கொண்டு சாப்பிடக் கற்றுக்கொள்ளும் காலம் அது. எனக்குப் பொறுமை இல்லை.

அந்தக் கஞ்சியில் என்ன இருந்தது என்று பிறகு கணக்குப் போட்டேன். கணக்குப் போடத் தெரிந்தவள், முதலிலேயே போட்டிருக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி மாவு சுமார் 10 கிராம். அதில் 35 கலோரிகூட இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 6 முதல் 8 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 கலோரி உணவிலிருந்து வேண்டும். 9 மாதத்திலிருந்து 300. நான் காலையும் மாலையும் கொடுத்த கஞ்சி இரண்டும் சேர்ந்து அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. இரும்பைப் பார்த்தால் இன்னும் மோசம். 10 கிராம் கேழ்வரகில் அரை மில்லிகிராம் இரும்புகூட இல்லை. அதிலும் சிறு பங்குதான் உடலில் சேரும். தானியத்தில் உள்ள பைட்டேட் அதைத் தடுக்கும். முளைகட்டினால் அந்தத் தடை ஓரளவு குறையும், முழுதும் நீங்காது.

முளைகட்டிய மாவின் உண்மையான பயன் ஒன்று உண்டு. அதில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைக்கும். அதனால் கஞ்சி இளகும். அதே பதத்துக்குக் கூடுதல் மாவு போடலாம். குழந்தையின் சிறிய வயிற்றுக்குள் கூடுதல் சத்து போகும். நான் மாவைக் கூட்டவில்லை. கஞ்சி தானாக இளகியதைக் கண்டு, செரிக்க எளிது என்று மகிழ்ந்தேன். அறிவியல் ஆசிரியை நான்.

சர்க்கரை கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்ன நான், கஞ்சியில் பனங்கற்கண்டு போட்டேன். அது இயற்கையானது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எட்டாவது மாதம் முதல் பசும்பாலும் சேர்த்தேன். ஒரு வயதுக்கு முன் பசும்பாலைப் பிரதான பானமாகக் கொடுக்கக் கூடாது. அதில் இரும்பு மிகக் குறைவு. மற்ற உணவிலிருந்து இரும்பு சேர்வதையும் அது குறைக்கும். இதுவும் நான் படித்த பக்கங்களில் இருந்தது. தாண்டிப் போனேன்.

என் மாமியார் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஒருநாள் காலை அடுப்படியில் நின்று கிண்ணத்தைப் பார்த்தார். கரண்டியை எடுத்துச் சாய்த்தார். கஞ்சி நூலாக ஒழுகியது.

"ஏம்மா, இது தண்ணியாட்டம் இருக்குதே. புள்ளைக்கு வயிறு நெறையுமா? கொஞ்சம் கெட்டியாக் கிண்டு. மஞ்சக்கரு மசிச்சுப் போடு. பருப்பும் கீரையும் கடைஞ்சு ஒரு வாய் குடு."

"அத்தை, அந்தக் காலத்துப் பழக்கத்தையெல்லாம் கொண்டுவராதீங்க. நான் படிச்சுப் பாத்துத்தான் குடுக்கறேன்."

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அதற்குப் பிறகு அடுப்படியில் நின்று எதுவும் சொன்னதில்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. கரண்டியைச் சாய்த்தால் உடனே வழிந்தோடாத பதம்தான் இன்று மருத்துவர்கள் சொல்லும் பதம். முட்டை, பருப்பு, கீரை எல்லாமே அவர்கள் சொல்லும் பட்டியலில் இருப்பவை. நான் பாரம்பரியம் என்ற பெயரில் ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். அந்தப் பாரம்பரியத்தில் வளர்ந்தவரின் வாயை அதே பெயரால் அடைத்தேன்.

கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தார். தாய் சேய் அட்டையில் எடையைக் குறித்தார். கோடு மேலே ஏறாமல் படுத்திருந்தது. "டீச்சர், எடை ஏறல. என்ன குடுக்கறீங்க?" என்று கேட்டார். கேழ்வரகு, முட்டை, பருப்பு, காய் என்று வரிசையாகச் சொன்னேன். முட்டையும் பருப்பும் நான் கொடுத்ததே இல்லை. அது என் முதல் பொய். அவர் நம்பினார். ஆசிரியை சொன்னால் நம்புவார்கள். அந்த நம்பிக்கையைத் தெரிந்தே பயன்படுத்தினேன்.

அவர் இரும்புச்சத்து மருந்து தந்தார். 2018 முதல் நடக்கும் இரத்தசோகை இல்லா பாரதம் திட்டத்தில் 6 மாதம் முதல் 5 வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு வாரம் இருமுறை 1 மில்லி கொடுக்கிறார்கள். 1 மில்லியில் 20 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உண்டு. கஞ்சியில் வராத இரும்பு அந்தச் சின்னக் குப்பியில் இருந்தது. விலையில்லாமல் வீடு தேடி வந்தது.

ஒருமுறை கொடுத்தேன். மலம் கறுப்பாகப் போனது. இரும்பு மருந்து கொடுத்தால் அப்படித்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை. செவிலியரும் அதை முன்பே சொல்லியிருந்தார். நான் பயந்தேன். பயத்தைவிட எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. மருந்தும் ரசாயனம்தான், நான் நினைத்தது சரி என்ற திருப்தி. அதன் பிறகு கொடுக்கவில்லை.

அடுத்த முறை செவிலியர் வரும் நாள் நெருங்கியது. குப்பி ஏறக்குறைய நிறைந்தே இருந்தது. அதை எடுத்துச் சென்று பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தேன். பழுப்பு நிறத்தில் மெதுவாக இறங்கியது. குழாயைத் திறந்துவிட்டேன். தொட்டியில் படிந்த கறை போகவில்லை. சபீனா போட்டுத் தேய்த்தேன். பக்கத்து அறையில் மகள் சிணுங்கிக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் அவள் எப்போதும் சிணுங்கினாள். பல் முளைக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். காலிக் குப்பியைச் செவிலியரிடம் காட்டினேன். "நல்லது டீச்சர், உங்கள மாதிரி எல்லாரும் இருந்தா எங்களுக்கு வேலை சுலபம்" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது அந்த அக்காவைப் பற்றி.

அவர் கணவர் ஓசூரில் கட்டட வேலை. மூத்த மகள் ஐந்தாம் வகுப்பு. கடைக்குட்டி என் மகளைவிடச் சற்று மூத்தவள். அங்கன்வாடியில் தரும் இணை உணவுச் சத்துமாவைத்தான் அந்தக் குழந்தைக்குக் கிண்டி ஊட்டிக்கொண்டிருந்தார். கோதுமையும் முளைகட்டிய கேழ்வரகும் வெல்லமும் சேர்ந்து, உயிர்ச்சத்தும் தாதுச்சத்தும் கலந்த மாவு அது. செவிலியர் தந்த இரும்பு மருந்தையும் தவறாமல் கொடுத்துவந்தார். குழந்தை நன்றாகத்தான் இருந்தது.

ஒருநாள் நான் மாவு சலிப்பதைப் பார்த்துக் கேட்டார்: "டீச்சர், பாப்பாவுக்கு இதுதான் நல்லதா?"

ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். நான் பாடம் நடத்தினேன். அங்கன்வாடி மாவில் வெல்லம் இருக்கிறது என்றேன். இனிப்புக்குப் பழக்கிவிடும் என்றேன். இரும்பு மருந்து வயிற்றைக் கெடுக்கும், மலத்தைப் பார்த்தாலே தெரியும் என்றேன். நான் அரைத்த மாவில் ஒரு டப்பா எடுத்துக் கையில் கொடுத்தேன். எப்படிக் காய்ச்ச வேண்டும் என்று அளவும் சொன்னேன். ஒரு கரண்டி மாவு, ஒரு டம்ளர் தண்ணீர். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கொடுக்கும்போது நான் பெருமைப்பட்டேன். தர்மம் செய்கிறேன் என்று நினைத்தேன்.

என் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் காரை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓட எனக்கு வழியிருந்தது. அவருக்கு இல்லை. அவர் வீட்டில் அந்தச் சத்துமாவுக்குப் பதிலாக வேறு எதுவும் இல்லை. அதையும் நான் நிறுத்தினேன். வெல்லம் குறைவாக இருந்தால் நல்லது என்று வாதிட இடம் உண்டு. ஆனால் பசி உள்ள வீட்டில் கலோரியும் இரும்பும் சேர்ந்து வந்த ஒரே உணவைப் பிடுங்கிவிட்டு அந்த வாதத்தைச் செய்ய எனக்கு உரிமை இல்லை.

என் மகள் பத்தாவது மாதத்தில் தவழ்வதைக் குறைத்தாள். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். கிண்ணத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். உள்ளங்கை வெளுத்திருந்தது. அம்மா ஊரிலிருந்து வந்து பார்த்தவுடன் கேட்டார்: "என்னடி, பிள்ளை காகிதமாட்டம் வெளுத்துக் கிடக்கிறாள்?" தினமும் பார்த்த என் கண்ணுக்கு அது தெரியவில்லை. ஒருவேளை தெரிந்திருக்கலாம், ஒப்புக்கொள்ள மனமில்லாமல் இருந்திருக்கலாம். இரண்டில் எது என்று என்னால் இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

குழந்தைகள் மருத்துவர் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. "இரும்பு மருந்து குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"குடுத்தேன் டாக்டர். நர்ஸம்மா தந்தது முழுசும் குடுத்தேன்."

கணவர் பக்கத்தில் இருந்தார். அவர் முன்னால் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருத்துவரின் நெற்றி சுருங்கியது. மருந்து கொடுத்தும் இவ்வளவு குறைவு என்றால் வேறு காரணம் இருக்கலாம் என்றார். தலசீமியா போன்ற பரம்பரை இரத்த நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். இன்னொரு முறை இரத்தம் எடுக்கச் சொன்னார். ஏற்கெனவே இரத்தம் குறைந்த குழந்தை. நரம்பு கிடைக்கவில்லை. ஒரு கையில் குத்தினார்கள், பிறகு இன்னொரு கையில். என் மடியில் வைத்து அவள் கையை நான்தான் அசையாமல் பிடித்துக்கொண்டேன். அந்த ஊசி தேவையே இல்லை என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவள் கையை விட்டிருப்பார்கள். நான் சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

இரத்தம் எடுத்து முடித்த பிறகுதான் மருத்துவரிடம் தனியாகப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றார். சொல்லியிருக்கலாம். அதற்குமேல் நான் என்ன சொல்ல?

அன்றே உணவு மாறியது. கரண்டியில் நிற்கும் கஞ்சி, மேலே ஒரு கரண்டி நெய். மசித்த பருப்பும் கீரையும், தக்காளியோ எலுமிச்சையோ சேர்த்து. அவற்றில் உள்ள வைட்டமின் சி, கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பு உடலில் சேர உதவும். முட்டை. வாரத்தில் சில நாள் ஆட்டு ஈரலை வேகவைத்து மசித்து. சர்க்கரை சேர்க்காத, இரும்பு சேர்த்த பாக்கெட் தானிய உணவும் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அதை அலமாரியில் வைத்தபோது வானம் இடிந்து விழவில்லை. தினமும் இரும்புச் சொட்டு மருந்து. மாமியார் ஊட்டினார். நான் கேட்காமலேயே ஊட்டினார். என்னை ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை.

இதுவரை சொன்னது அறியாமையும் அகம்பாவமும். இனிச் சொல்வது அதைவிடக் கீழானது.

மருத்துவர் எல்லாவற்றையும் விளக்கிய நாளிலேயே எனக்கு அந்த அக்காவின் குழந்தை நினைவுக்கு வந்தது. அந்தக் கஞ்சியில் ஒன்றுமில்லை என்பது தெரிந்துவிட்டது. மருந்தை நிறுத்தச் சொன்னது தவறு என்பதும் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை அவர் வேலைக்கு வந்தார். பாத்திரம் தேய்த்தார். என் மகளைத் தூக்கிக் கொஞ்சினார். நான் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? டீச்சருக்குத் தெரியவில்லை என்றா? என் மகளுக்கு ஈரல் வேகும் அதே அடுப்படியில் அவர் நின்றார். அவர் மகள் வீட்டில் என் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தாள். நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். வாரங்கள் போயின. இதைக் கோழைத்தனம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. என் மகளின் உடலைவிட என் மதிப்பைப் பெரிதாக நினைத்தேன். அவர் மகளின் உடலை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தது. எடையுள்ள குழந்தை என்றால் சில நாளில் தேறியிருக்கும். அது ஏற்கெனவே மெலிந்திருந்தது. அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அக்கா வேலைக்கு வரவில்லை. அவர் போகும் மற்ற வீடுகளிலும் வேலை போயிற்று. கணவர் ஓசூரிலிருந்து வந்து தங்கியதால் கூலி நின்றது. மூத்த மகள் வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்குப் போகாமல் இருந்தாள். நான் ஆசிரியை. ஒரு மாணவியைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதில் எனக்குப் பங்கு உண்டு.

மருத்துவமனைக்குப் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போனேன். அங்கேதான் சொன்னேன். கஞ்சி போதாது என்பதையும், மருந்தை நிறுத்தச் சொன்னது தவறு என்பதையும், எனக்கு முன்பே தெரிந்தும் சொல்லாமல் இருந்ததையும். கடைசியாகச் சொன்னதைக் கேட்டபோதுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க படிச்சவங்கன்னுதான் டீச்சர் கேட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

இரு குழந்தைகளும் இப்போது நன்றாக இருக்கிறார்கள். என் மகளின் ஹீமோகுளோபின் ஏறிவிட்டது. ஆனால் எண் ஏறியதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லத் துணியமாட்டேன். கோஸ்டா ரிக்காவில் பெட்சி லோசாஃப் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். கைக்குழந்தைப் பருவத்தில் இரும்புக் குறைபாட்டால் இரத்தசோகை வந்து, சிகிச்சையில் குணமான குழந்தைகள்கூட 5 வயதில் நடந்த பரிசோதனைகளில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்ததை 1991இல் எழுதினார். மூளை வேகமாக வளரும் மாதங்களில் நேரும் குறை அது. என் மகளிடமிருந்து நான் எதையாவது எடுத்துக்கொண்டேனா என்று எனக்குத் தெரியாது. அந்த அக்காவின் மகளிடமிருந்து எடுத்துக்கொண்டேனா என்றும் தெரியாது. இரண்டு பிள்ளைகளும் அதை என்னிடம் கேட்கும் வயதில் இல்லை.

2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேல். அந்த எண்ணை முன்பெல்லாம் வறுமையின் கணக்கு என்று படித்துவிட்டுப் போவேன். அதில் என்னைப் போன்ற வீடுகளும் இருக்கின்றன. சம்பளம் வரும் வீடு, படிப்பு உள்ள வீடு, குளிர்பதனப் பெட்டியில் முட்டை உள்ள வீடு. அங்கே குழந்தையின் தட்டில் தாயின் கர்வம் பரிமாறப்பட்டிருக்கிறது.

இதற்கெல்லாம் எனக்கு எந்தத் தண்டனையும் கிடைக்கவில்லை. பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். மாணவர்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார்கள். அந்த அக்கா இப்போது வேறு வீடுகளில் வேலை செய்கிறார். மருத்துவச் செலவுக்கும் இழந்த கூலிக்கும் பணம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அது கடன் தீர்ந்ததாகாது என்று இருவருக்கும் தெரியும். என் வீட்டுக்கு மறுபடி வர அவர் விரும்பவில்லை. அது அவருடைய உரிமை.

செவிலியரிடமும் சொன்னேன். குப்பியைத் தொட்டியில் கவிழ்த்ததைச் சொன்னேன். அவர் அங்கன்வாடியில் தாய்மார் கூட்டம் நடக்கும் நாளில் வந்து அதையே அவர்களிடம் சொல்ல முடியுமா என்று கேட்டார். போனேன். ஆறு மாதம் முடிந்ததும் எதைக் கொடுத்தாலும் கெட்டியாகக் கொடுங்கள் என்றேன். தானியத்தோடு பருப்பும் கீரையும் முட்டையும் சேருங்கள், சர்க்கரையும் வெல்லமும் கற்கண்டும் தனியாகச் சேர்க்காதீர்கள், பாக்கெட் வாங்கினால் பின்பக்கத்தை முழுதும் படியுங்கள், இரும்பு மருந்தை நிறுத்தாதீர்கள் என்றேன். இதையெல்லாம் சொல்வதற்கு முன் நான் என்ன செய்தேன் என்பதைச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, தெரிந்த பிறகும் ஏன் அந்த அம்மாவிடம் உடனே சொல்லவில்லை என்று கேட்டார். அவமானமாக இருந்தது, அதனால் சொல்லவில்லை என்றேன். அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. உங்களுக்கும் அந்தப் பதில்தான்.